கோட்டைக்கு ஒரே வழி

எங்கள் ஊரில் எலி செத்து விழ ஆரம்பித்தது இருபத்திரண்டாம் வருஷம் தை மாதம். பிளேக்குக்குப் பயந்து, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஊரே குன்றின் மேலிருந்த இடிந்த கோட்டைக்குக் குடிபோனது. கூரையில்லாத அறைகள், வௌவால் எச்ச நாற்றம், சுவரிடுக்கெல்லாம் கள்ளி. உயிருக்கு முன்னால் அதெல்லாம் ஒரு பொருட்டா?

கக்கத்தில் கட்டி கண்ட எவரையும் கோட்டை வாசலுக்குள் விடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டவன் நான். மணியக்காரன் என்ற திமிர். அதனால் விளைந்த பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

கண்ணுசாமி மூன்று வயது மகள் பாவாயியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தான். மனைவி தெய்வநாயகி பிறந்த வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னான். நம்பினோம்.

ஐந்தாம் நாள் உச்சி வேளை. கோட்டைச் சுவரருகே நின்றவன் சட்டென்று என் கையைப் பிடித்தான். கீழே, ஆளில்லாத ஊரில், அவன் வீட்டுக் கூரைமேல் மட்டும் அடுப்புப் புகை எழுந்தது.

அப்போதுதான் குசுகுசுவென்று எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்குக் கட்டி வந்துவிட்டதாம். குழந்தையைத் தேடிப் பின்னாலேயே வந்துவிடுவாளோ என்று, ஒரு குடம் தண்ணீரை உள்ளே வைத்துவிட்டு வெளியே பூட்டிவிட்டானாம்.

"பொழச்சுக்கிட்டாளுங்க," என்று அழுதான்.

என் மனைவி முத்தாயம்மாளிடம் குழந்தையை விட்டுவிட்டு இருவரும் இறங்கினோம். கோட்டைக்கு ஒரே வழிதான். மற்றப் பக்கமெல்லாம் செங்குத்துப் பாறை.

பூட்டு அப்படியே தொங்கியது. திறந்ததும் வந்த நாற்றத்திலேயே தெரிந்துபோயிற்று. தெய்வநாயகி கதவடியில் கிடந்தாள். செத்து நாலு நாளாவது இருக்கும். கதவின் உட்புறமெல்லாம் நகக் கீறல்கள்.

அடுப்புச் சாம்பலைத் தொட்டேன்.

சில்லென்றிருந்தது.

கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு மேலே ஓடினோம். முத்தாயம்மாள் தனியாக உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை எங்கே என்றேன்.

அவள் கண்ணுசாமியைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பத்தானுங்க தெய்வநாயகி வந்து தூக்கீட்டுப் போனா. பொறந்த ஊட்டுல இருந்து நேரா வாராளாமா. வழீல பாக்கலீங்களா?"

கண்ணுசாமி திரும்பி ஓடினான். நானும் பின்னால் ஓடினேன்.

நாங்கள் திறந்து போட்ட கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

தோள் வலிக்க மோதினோம். அசையவில்லை. உள்ளே பாவாயி கிளுகிளுவென்று சிரித்தாள். அப்புறம் வளையல் சத்தம்.

"இன்னும் ஒரே வாய் வாங்கிக்க சாமி," என்றது தெய்வநாயகியின் குரல். "உங்கப்பனுக்கும் வெச்சிருக்கறேன்."