தில்லையம்பலத்தைக் கூப்பிட்டவர்கள்

நர்ஸ் வாசலில் நின்று "மிஸ்டர் தில்லையம்பலம்" என்று கூப்பிட்டபோது தவநாயகியின் புருஷன் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்டிருந்த திரைக்குப் பின்னால்தான் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

தவநாயகி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஊரில் மாமனார் வேலிப் படலையடியில் அப்படித்தான் செருமிக்கொண்டு வருவார். அவர் செத்து எத்தனையோ வருஷம். நர்ஸ் போனபிறகு திரையை விலக்கிப் பார்த்தாள். சுருக்கமே இல்லாமல் விரித்த வெறும் கட்டில்.

ஸ்ட்ரெதம் பக்கத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த சின்ன ஆஸ்பத்திரி அது. மூடப்போகிறார்களாம். பாதி வார்டுகளுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. தை மாதத்துப் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட, டெட்டோலும் அவித்த கோவா இலையும் மணக்கும் அந்த நீளமான வார்டில், நெஞ்சுச் சளியோடு வந்த புருஷன் யோகராஜா சுவாசிக்கும் சத்தத்தை எண்ணாத குறையாகக் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவரை விட்டால் இந்த நாட்டில் அவளுக்கு ஒருத்தரும் இல்லை. இங்கிலீசும் இல்லை.

வார்டைக் கூட்ட வந்த மன்னார்ப் பெண் பியற்றிஸிடம் மெல்லக் கேட்டாள். "தங்கச்சி, ஏன் இவையள் மாமாவைக் கூப்பிடுகினம்? இவரின்ரை பேர் வேறையெல்லே?"

"இஞ்சை தகப்பன்ரை பேராலைதான் அக்கா கூப்பிடுவினம். என்னையும் செபஸ்தியாம்பிள்ளை எண்டுதான் கூப்பிடுகினம். நான் என்ன மீசையோ வைச்சிருக்கிறன்?"

தவநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. "செத்த மனிசனைக் கூப்பிடக் கூடாது தங்கச்சி. ஒருக்காச் சொல்லிவிடன்."

பியற்றிஸ் போய்ச் சொன்னாள். நர்ஸ் தலையாட்டினாள். அடுத்த நாளும் அதே பெயர்தான். மருந்துக்கு, ரத்தம் எடுக்க, காய்ச்சல் பார்க்க, எத்தனை முறை! பெயரைக் கடித்துக் குதறினாலும் அவர்கள் கூப்பிட்ட விதத்தில் அன்பு இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அன்பாகக் கூப்பிட்டால் யார்தான் வரமாட்டார்கள்? ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் செருமல் கிட்ட வந்தது. டெட்டோல் வாசத்துக்கு அடியில் சுருட்டு மணத்தது. இவர் ஒருநாளும் சுருட்டுப் பிடித்ததில்லை; மாமாதான் பிடிப்பார்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி வந்தது. "மிஸ்டர் தில்லையம்பலம்?"

"ஓம்."

கட்டிலிலிருந்துதான் பதில் வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. எழும்பி உட்கார்ந்தார். அவள் கும்பிடாத தெய்வமில்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது. அவர் சீனியை உள்ளங்கையில் கொட்டினார். நக்கினார். ஒரு மிடறு குடித்தார். மறுபடி நக்கினார்.

இவர் சலரோகக்காரர். சீனியைத் தொடாதவர். மாமாதான் இப்படி நக்கி நக்கிக் குடிப்பார்.

"இஞ்சேருங்கோ," என்றாள்.

திரும்பவில்லை.

"இஞ்சேருங்கோ!"

நக்கும் சத்தம் மட்டும்.

அவர்கள் மாமாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி மாமாவை வரவழைத்துவிட்டார்கள். இவரின் பெயரை இங்கே ஒருவரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. கலியாணம் கட்டிய நாள் முதல் புருஷனின் பெயரை அவள் வாயெடுத்துச் சொன்னதே இல்லை. யார்தான் சொல்லுவார்கள்? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"யோகராஜா."

முகம் திரும்பியது. அவரின் மூக்கு. அவரின் உதடு. பார்வை வேறு.

"அவன் இன்னும் வேலையாலை வரேல்லைப் பிள்ளை."

அவளையறியாமலே எழும்பி நின்றாள், மாமனாருக்கு முன்னால் நிற்கிற மாதிரி.

நர்ஸ் சிரித்த முகத்தோடு யோகராஜாவின் கோட்டைக் கொண்டுவந்தாள். இங்கிலீசில் ஏதோ சொன்னாள். "ஹோம்" என்ற சொல் மட்டும் தவநாயகிக்கு விளங்கியது. நோ, நோ என்றாள். வேறு சொல் தெரியவில்லை. பியற்றிஸின் ஷிப்ட் முடிந்துவிட்டது. நர்ஸ் அவள் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னாள். பிறகு கட்டிலில் இருந்தவரின் கையைத் தூக்கித் தவநாயகியின் தோளில் வைத்தாள்.

"நட பிள்ளை, வீட்டை போவம்," என்று அவள் தோளில் பாரத்தைப் போட்டு அது எழும்பியது.