உற்றறிதல் மட்டும்

கெர்ட்ரூட் டீச்சருக்கு அந்த முதல் வாக்கியம் சரியாக நினைவில் இல்லை. அலமாரிக்குள் யாரோ இருக்கிறார் என்றா, அலமாரிக்குள் ஓர் அக்கா இருக்கிறார் என்றா, அமுதவள்ளி எப்படி எழுதியிருந்தாள்? சிவப்பு மையால் அந்தச் சொல்லின் மேல் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. பக்கத்தில், ‘இது ஊகம். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுது’ என்று எழுதியதும் நினைவிருக்கிறது.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் அறிவியல் போதித்துவந்தார். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் வருடா வருடம் அதே இடத்தில்தான் சறுக்குவார்கள். செடி வாடியிருக்கிறது என்பது உற்றறிதல். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்பது ஊகித்தல். ஒன்றின் கட்டத்தில் மற்றதை எழுதினால் தேர்வில் புள்ளி போய்விடும். அதனால் தினமும் வீட்டில் ஒன்றை உற்றறிந்து எழுதிவரச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் பூனையையும் மழையையும் எழுதினார்கள். அமுதவள்ளி அலமாரியை மட்டும் எழுதினாள்.

மறுநாள் அவள் எழுதியது, அலமாரிக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்துகிறார்கள். டீச்சர் ‘உள்ளேயிருந்து’ என்பதை அடித்தார். ‘இழுத்து’ என்பதையும் அடித்தார். அலமாரிக் கதவு சாத்திக்கொள்கிறது, அவ்வளவுதான் உனக்குத் தெரியும் என்று வகுப்பின் முன் நிறுத்திச் சொன்னார்.

“எலி லா டீச்சர்,” என்றாள் முன்வரிசைக் குளோரியா. “இதுவும் ஊகமா?”

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அமுதவள்ளி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“அது என்னைக் கூப்பிடுது டீச்சர். போய்ப் பாக்கட்டுமா?”

“பாத்தாத்தானம்மா உற்றறிதல்,” என்றார் டீச்சர்.

அடுத்த நாள் புத்தகத்தில் ஒரே வரி. அலமாரி திறந்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. டீச்சர் ஒரு நட்சத்திரம் ஒட்டினார். அதற்கு மறுநாளிலிருந்து அமுதவள்ளி பள்ளிக்கு வரவில்லை.

வகுப்பாசிரியர் விஜயன் சார் இரண்டு முறை தாய்க்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. ஜெஞ்சாரோமில் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பதாகவும் அங்கே மாறிப்போயிருப்பார்கள் என்றும் அவர் சொன்னார். டீச்சர் தலையாட்டினார். அதைச் சிவப்பு மையால் அடிக்க அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள், திருத்த வைத்திருந்த புத்தகக் கட்டுக்குள் அமுதவள்ளியின் புத்தகம் இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. அட்டை ஈரமாக இருந்தது. நெடுநாள் மடித்துவைத்த துணியும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை அடித்தது. எட்டு நாளுக்கும் தேதி போட்டு, உற்றறிதல் கட்டத்தில் ‘இருட்டு’ என்று எழுதியிருந்தது. எட்டு முறை. ஒன்பதாவது: இருட்டு. இன்றும் என் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு அவர் வெளியே போகிறார்.

ஊகித்தல் கட்டம் எல்லா நாளும் காலி. டீச்சரின் கை, பழக்கத்தில், சரி போடப் பேனாவை எடுத்துவிட்டது.

அன்று பள்ளி விட்டதும் நேரே அமுதவள்ளி குடியிருந்த மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டது. லிஃப்ட் ஓடவில்லை. நான்காவது மாடிவரை படிகளில் ஏறும்போது, யார் வீட்டிலோ பெலாச்சான் இறால் விழுது வறுபடும் நெடியும், காயாத துணிகளின் புளித்த வாடையும், தகரக் கூரையில் மழை விழும் ஓயாத சத்தமும் அவரோடு கூடவே ஏறின. நடுவில் வேறு ஒரு காலடியும் கேட்பதுபோல் இருந்து, அவர் நின்றால் அதுவும் நின்றது.

தாய் புனிதா தூக்கக் கண்ணோடு கிரில் கதவைத் திறந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கு இரவு வேலை. டீச்சர் சொன்னதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்தது.

“ஸ்கூலுக்கு வரலையா? என்னா டீச்சர் சொல்றீங்க. நான் வேல முடிஞ்சு வர்றப்ப யூனிஃபார்ம் இருக்காது. மத்தியானம் ஈரமா தொங்கும். தட்டுல போட்டு வச்ச சோறு காலியாயிருக்கும். ஸ்கூல் போவாம எங்க போவுது?”

“கடைசியா எப்பப் பாத்தீங்க? கண்ணால.”

புனிதாவின் விரல்கள் நைட்டியின் ஓரத்தில் ஏதோ எண்ணின. ஐந்தைத் தாண்டின. ஏழைத் தாண்டின. பிறகு உள்ளறையைப் பார்த்து, குரல் உடைய, “அமுதா,” என்று கூப்பிட்டாள்.

“வரேன்ம்மா.”

பிள்ளையின் குரல். புனிதாவின் தோள்கள் தளர்ந்தன. “பாருங்க டீச்சர். ரூம்லதான் இருக்கு.”

டீச்சர் உள்ளறை வாசல்வரை போனார்.

கட்டில். சுவர். அலமாரி. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. நீலப் பள்ளிப் பினாஃபோரின் ஓரம். சொட்டும் தண்ணீர். ஒரு பள்ளிக் காலணி. பின்பக்கம் மிதிபட்டு மடங்கியிருந்தது. குதிகால் உள்ளே போகவில்லை. பெரிய குதிகால். வெடிப்பு விழுந்தது. காலணி நகர்ந்தது. உள்ளே இழுத்துக்கொண்டது.

அதற்கும் பின்னால், அந்த அலமாரியின் ஆழத்துக்கு மிஞ்சிய தொலைவிலிருந்து, இன்னொரு குரல். மெலிதாக. அதே குரல்.

“டீச்சர். பாத்துட்டேன்.”

மூன்றே அடி. கதவைப் பிடித்துத் திறந்தால் போதும். கை எழவில்லை. புனிதா பின்னால் நின்று, நம்பிக்கையோடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ள இருக்கும்மா,” என்றார் கெர்ட்ரூட் டீச்சர். அவர் வாழ்நாளில் செய்த ஒரே ஊகம் அது. படியிறங்கினார். ஓடவில்லை. ஓடினால், அவர் பார்த்துவிட்டது தெரிந்துவிடும்.

போலீஸ் நிலையத்தின் வாசல்வரை போனார். ஒரு குரல், ஒரு குதிகால் என்பதற்கு மேல் புகாரில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்.

விஜயன் சார் வருகைப் பதிவேட்டில் அமுதவள்ளியின் பெயருக்கு நேரே வேறு பள்ளிக்கு மாறினாள் என்று பதிவு செய்தார். இப்போது காஜாங்கில் இருக்கிறார். குளோரியா இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். டீச்சர் முன்கூட்டியே ஓய்வு பெற்று பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கையோடு இருக்கிறார். அமுதவள்ளியை யாரும் தேடவில்லை. புனிதா அதே வீட்டில்தான் இருக்கிறாள், இப்போது பகல் வேலை. போன மாதம் கிள்ளான் பாசாரில் டீச்சரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் நன்றாக இருப்பதாகவும், பயந்துகொண்டு தன்னோடுதான் படுப்பதாகவும் சொன்னாள்.

“நல்லா வளந்துருச்சு டீச்சர். காலு கட்டிலுக்கு வெளிய நிக்குது. மூஞ்சிய மட்டும் இந்தப் பக்கம் திருப்ப மாட்டேங்குது.”