காணாமல் போன சிவப்புப் பொத்தான்

கென்யாவின் கிசுமு நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அப்போது ஓர் இணைய மையம் இருந்தது. ஆறு கணினிகளுக்கும் ஒரே ஒரு நோஞ்சான் இணைப்பு. ஒரு படம் முழுதாகத் திறப்பதற்குள் ஒரு சுட்ட சோளத்தைத் தின்று முடித்துவிடலாம். இன்று எல்லாம் கண் இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. எனக்கென்னவோ அந்த நிதானத்தைத்தான் பிடிக்கும்.

என் அம்மா மீன் விற்பவள். அலேகோ ஊர்க்காரி என்பதால் எல்லோருக்கும் அவள் 'நியார் அலேகோ'. சனிக்கிழமைதோறும் கையை எலுமிச்சை போட்டு மூன்று முறை கழுவிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே வருவாள். அப்படியும் மூன்றாம் கணினியின் மவுஸில் மீன் வாசனை அடிக்கும்.

மொம்பாசா துறைமுகத்தில் வேலை பார்த்த என் அண்ணன் ஒச்சோலாவின் கடிதம் அதில்தான் வரும். எழுத்து முதலில் வரும். பின்னாலேயே கப்பல் படமும் வரத் தொடங்கி, கணினியைத் திணறடிக்கும். உடனே அம்மா திரையின் மேல்பக்கம் இருக்கும் சிவப்புப் பொத்தானை டக் டக்கென்று இரண்டு முறை அழுத்துவாள். படம் நின்றுவிடும், கடிதம் இருக்கும். அந்தக் கிழட்டுக் கணினிகளுக்குச் சில நேரம் முதல் தட்டு காதில் விழாது. அதனால் அங்கே எல்லோருமே இரண்டு முறைதான் தட்டுவார்கள்.

மையத்தைப் பார்த்துக்கொண்ட ஒகேலோ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அவனும் நண்பர்களும் பின்னறையில் 'கசுகு' என்று ஓர் உலாவியை உருவாக்கினார்கள். ஒரு சனிக்கிழமை அதன் புதிய பதிப்பைப் போட்டான். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் சிவப்புப் பொத்தானைக் காணோம். அந்த இடத்தில் ஒரே பொத்தான். ஒரு முறை தட்டினால் பக்கம் வருவது நிற்கும். இன்னொரு முறை தட்டினால் பக்கம் முதலிலிருந்து வரும்.

அம்மா டக் டக்கென்று தட்டினாள். கடிதம் மறைந்தது. திரும்ப வந்தது. தட்டினாள். மறைந்தது. அரைமணி நேரத்தில் அவள் படித்தது 'அன்புள்ள அம்மா' மட்டும்தான்.

அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது மீன் விக்கிற கைடி அவூர். இதுக்கெல்லாம் சரிப்படாது. இனிமே நான் வரல."

எனக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. ஒகேலோவிடம் போய்ச் சொன்னேன். நியார் அலேகோவுக்கு அழுத்தத் தெரியவில்லை, ஒரு தட்டு போதும் என்றான். பின்னறையில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்ததாம். இருக்காதா? அங்கே பக்கங்களை எல்லாம் கணினிக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள். யாரும் எதையும் நிறுத்த வேண்டியதே இல்லை.

கத்தலாமா என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒகேலோ அண்ணா, நேத்து மேட்ச்ல யாரு ஜெயிச்சா? எங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன்."

கால்பந்து என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். மூக்கைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்தான். செய்தி வந்தது. பின்னாலேயே ஒரு பெரிய படம் இறங்கியது. அவன் விரல் தானாகவே போனது. டக் டக். செய்தி மறைந்தது. மறுபடியும் டக் டக். மறுபடியும் வெள்ளைத் திரை.

"உன் கையும் மீன் கையாண்ணா?" என்றேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் கிள்ளினாள். ஒகேலோ எழுந்து பின்னறைக்குப் போனான்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். சிவப்புப் பொத்தான் பழைய இடத்தில் தனியாக இருந்தது. திரையில் தெரிந்த மாற்றங்களின் பட்டியலில் கடைசி வரி: 'நிறுத்தும் பொத்தான் திரும்ப வந்தது. பிழையைக் கண்டுபிடித்தவர் அவூர், வயது பத்து.'

"உன் பேரை அப்புறம் பாத்துக்கலாம். லெட்டரைத் தொற" என்றாள் அம்மா.

டக் டக். கடிதம் நின்றது. உதடு அசைய, கடைசி வரி வரை படித்தாள். காசு கட்டிய நேரத்தில் இன்னும் நாலு நிமிடம் மிச்சம் இருந்தது. படத்தையும் விட்டுப் பார்த்தோம். மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. வானம், கப்பலின் கொடிமரம், அண்ணனின் தொப்பி, நெற்றி, கண்கள். நேரம் முடிந்தது.

"சிரிக்கிறானான்னு அடுத்த வாரம் வந்து பாத்துக்கலாம்" என்று அம்மா எழுந்தாள்.