கதவடியில் வைத்த சோறு

டக். டக். டக்.

உள்ளறையிலிருந்து வந்த சத்தத்தில் ஆரபியின் பேனா நின்றது. சோற்றுக் கோப்பையில் யாரோ கரண்டியால் தட்டுகிறார்கள். நிமிர்ந்து பார்த்தாள். அந்த அறைக்கதவில் பூட்டுத் தொங்கியது. வெளியே, பின்னேரம் ஆகும் முன்பே குருநகரை இருட்டாக்கிவிட்டு, கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரமும் போயிருந்தது.

எதிரே இருந்த மார்கிரட் அன்ரி திடுக்கிடவில்லை. பசிக்கிறது போல என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

கொரோனாக் காலத்தில் வீட்டில் நோயாளிகளைப் பராமரித்த பெண்களின் உழைப்பைப் பற்றியது ஆரபியின் ஆய்வு. வட்டுக்கோட்டையிலிருந்து இந்த வீட்டுக்குப் பல தடவை வந்துவிட்டாள். இவ்வளவு கேள்வி கேட்கிறீரே, சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லையே என்று அன்ரி அவளைச் சீண்டுவார். சற்று முன்னர்தான், மகனைப் பார்த்துக்கொண்ட வேலை எப்போது முடிந்தது என்று ஆரபி கேட்டாள்.

"ஆர் சொன்னது முடிஞ்சதெண்டு?"

அன்ரி அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, கரண்டிச் சத்தம் கேட்டது.

மகன் கொலின்ஸ் தொற்றோடு தனித்திருந்தது அந்த அறையில்தான். திறக்காமலே சாப்பாடு கொடுப்பதற்காக, தகப்பன் யாகோப்பு கதவின் அடியில் ஒரு துண்டுப் பலகையை அறுத்து எடுத்தார். கோப்பையை உள்ளே தள்ளியதும் எல்லோரும் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். மூச்சுக்கூடப் படக்கூடாது என்று கொலின்ஸ் போட்ட சட்டம் அது. பிறகு அவனுக்கு மூச்சு முட்டியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; அங்கேயே செத்துப்போனான். எங்கோ தூரத்தில் பெட்டியை மூடியபடியே எரித்தார்கள். தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. பரம்பரையாகக் குடும்பத்தாரைப் புதைக்கும் சேமக்காலையில் அவனுக்கு மட்டும் குழியில்லை.

இப்போது அவனுடைய தங்கை ஜெசிதா, குறைமாதத்தில் பிறந்த குழந்தையோடு நாளை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். குழந்தைக்கு ஈரம் ஆகவே ஆகாதாம். இந்த வீட்டில் ஒழுகாத அறை அது ஒன்றுதான். மனைவியிடம் பேசி அதைத் திறக்க வைக்கும்படி யாகோப்பு காலையில் தொலைபேசியில் கெஞ்சியிருந்தார்.

அன்ரி சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து கதவடியில் தள்ளினார்.

"திரும்பி நில்லும், பிள்ளை."

ஆரபி திரும்பி நின்றாள். பக்கத்தில் அன்ரியின் தோள் அவள் தோளில் முட்டிக்கொண்டிருந்தது. ஓட்டில் விழும் மழையின் இரைச்சலுக்கு அடியில், கோப்பை சீமெந்தில் மெல்ல உரசிக்கொண்டு உள்ளே போவதும், ஈரமான எதையோ அவசரமில்லாமல் மெல்லுவதும், இடையிடையே நீளமாக ஒரு மூச்சு இழுபடுவதும் கேட்டன. குழம்பு வாசத்தையும் டெட்டோல் வாசத்தையும் மீறி, விறகு கருகிய மணம் ஒன்று பிடரிப் பக்கமாக வந்து நின்றது.

யாகோப்பு ஐயாதான், என்று ஆரபி தன்னைத் தேற்றிக்கொண்டாள். மனைவியின் மனம் நோகக்கூடாதென்று பின்பக்க ஜன்னலால் ஏறி வந்து சாப்பிடுகிறார். பாவம் மனிசன்.

கோப்பை வெளியே வந்தது. வழித்து நக்கியது போல வெறுமையாக.

இதுதான் நேரம் என்று நினைத்து அவள் குழந்தையைப் பற்றிப் பேசினாள். ஈரத்தைப் பற்றி, ஜெசிதாவைப் பற்றி, பேரப்பிள்ளைக்குச் சளி பிடித்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி. அன்ரி குனிந்து வெறுங்கோப்பையின் விளிம்பை விரலால் தடவினார்.

"அப்ப அவன் எங்கை போவான்?"

ஆரபி குறிப்பேட்டை மூடி வைத்தாள். கடைசியில் அன்ரி சேலைத் தலைப்பில் முடிந்திருந்த, பூட்டின் திறப்பை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார். தன்னால் ஏலாது என்று அவளையே திறக்கச் சொன்னார்.

பூட்டுத் துருவேறியிருந்தது. இரண்டு கையாலும் திருகினாள். கழன்று வந்தது.

வாசலில் காலடி. குழந்தைக்கு ஏணை கட்டச் சேலையும் கயிறும் தோளில் தொங்க, மழையில் ஊறியபடி யாகோப்பு படியேறினார். தெருப் பக்கத்திலிருந்து.

ஆரபி பூட்டைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். "ஐயா, நீங்கள்... உள்ளுக்கை இல்லையோ?"

"நான் ஏன் உள்ளுக்கை? ஜன்னலுக்கு அப்பவே பலகை அடிச்சாச்சு." யாகோப்பு குரலைத் தாழ்த்தினார். "மனிசிதான் ஆருக்கும் தெரியாமல் திண்டுபோட்டு வெறுங்கோப்பையை வைக்கிறவ. நானும் கண்டும் காணாமல் இருக்கிறன்."

அன்ரி ஆரபியின் பக்கத்தைவிட்டு அசையவில்லை. கோப்பை உள்ளே போனபோது நின்றது போலவே, தோளில் தோள் முட்ட நின்றார்.

யாகோப்பின் பார்வை வெறுங்கோப்பைக்குப் போனது. கதவுக்குப் போனது. கயிறு தோளிலிருந்து நழுவியது.

மழை இரைந்தது. உள்ளே மூச்சு இழுபட்டது.

கதவு ஒரு விரற்கடை விலகியது. தானாக.

இருட்டு. கருகல் மணம். அப்புறம் விரல்கள்.

நான்கு விரல்கள், நரை நிறத்தில், நகமில்லாமல், கதவின் விளிம்பைப் பற்றின. பற்றிய இடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தன. உதிர்ந்தும் விடவில்லை. கதவு மேலும் திறந்துவிடாதபடி உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்தன.

ஆரபியின் முகத்துக்கு நேரே, அந்த இடுக்கிலிருந்து, தாயைக் கூப்பிட்டது ஒரு குரல்.

"திறக்காதேங்கோ, அம்மா. எனக்கு இன்னும் நோய் மாறேல்லை. குழந்தைக்குத் தொத்தீடும்."