போயிட்டு வாங்க

கதிரைக்குக் கீழே ஐஸ் கிடந்தது.

ஜுமானா குனிந்து பார்த்தாள். நகத்தளவு துண்டு, அழுக்குச் சாம்பல் நிறம், உள்ளே மணல் பரல்கள் ஒட்டியிருந்தன. வெளியே வெயில் கொளுத்தியது. அந்த வீட்டுப் பிரிட்ஜ் ஐஸ் பிடிப்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. பிடித்தாலும் இப்படிப் பிடிக்காது. இது குளிர்நாட்டுத் தெரு ஓரத்து ஐஸ், சப்பாத்துகள் மிதித்து மிதித்து இறுகிய பனி. அவள் படிக்கும் புடாபெஸ்ட்டில் விடுதி வாசலில் தினமும் உதறிவிட்டு உள்ளே போன ஐஸை அவளுக்குத் தெரியாதா? திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து கிளைக்கும் ஒழுங்கை வீடொன்றில் அதற்கு என்ன வேலை என்பதுதான் தெரியவில்லை.

குசினியிலிருந்து பொரித்த சூரை மீனின் மணமும், துறைமுகத்திலிருந்து டீசலும் உப்பும் கலந்த காற்றும் வந்துகொண்டிருக்க, அவை இரண்டுக்கும் அடியில், பிழியாமல் மூலையில் போட்டுவைத்த கம்பளியின் ஈர வாடை, பழைய நிலக்கரிப் புகையோடு சேர்ந்து, கதிரையைச் சுற்றி மட்டும் அசையாமல் நின்றது.

"உம்மா, ஆர் இதில இருந்தது?"

ஸுல்பிகா கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவியபடி வந்தார். கண் வெட்டி மருந்து போட்டிருக்கிறது. ஆட்கள் நிறமும் நிழலுமாகத்தான் தெரிவார்கள். உம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காகத்தான் ஜுமானா லீவின் கடைசி நாட்களுக்கு ஊருக்கு வந்திருந்தாள்.

"உன்ட ஆள்தான், மகள். நீ அறைக்குள்ள இருக்கக்குள்ள வந்தவ. நேத்தும் வந்தவ, முந்தநாளும் வந்தவ. வெளிநாட்டு ஆள் போல, ஒரு கதையும் இல்ல. தேத்தண்ணி வச்சன், குடிக்கல்ல."

"எனக்கு அப்பிடி ஒரு ஆளும் இல்ல உம்மா."

"கண் மங்கல்தான், அதுக்காக ஆள் இருக்கிறது தெரியாதா? இந்த வெக்கையில மண்ணிறக் கோட்டு. எழும்பினா, போயிட்டு வாங்கண்டு சொல்லி அனுப்பினன். நீ எங்க, வந்தவங்களோட ஒரு வார்த்த கதைக்க மாட்டாய்."

உம்மா யாருக்குத்தான் 'போயிட்டு வாங்க' சொல்லவில்லை? மீன்காரருக்குச் சொல்வார், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்குச் சொல்வார். ஒருமுறை கரண்ட் வெட்ட வந்தவருக்கும் சொன்னார். அவரும் மரியாதையாக அடுத்த மாதம் வந்தார். வாசலைத் தாண்டுகிறவரிடம் வெறும் 'போ' என்று சொல்வது அந்த வீட்டில் சாவுச் செய்தி மாதிரி. ஜுமானாவும் அந்த வாய்ப்பழக்கத்தில் வளர்ந்தவள்தான்.

மண்ணிறக் கோட்டு என்றதும் அவளுக்குக் கிராகோவ் நினைவுக்கு வந்தது.

பரீட்சை முடிந்த கையோடு, கூடப் படிக்கும் சாம்பல்தீவுக் கூட்டாளி ஜெயரூபியும் அவளுமாக ரயிலேறி வியன்னா, பிராக், கடைசியாகக் கிராகோவ் என்று சுற்றியிருந்தார்கள். ஒரு ஊரிலும் தங்கிய வீட்டுக்காரரைக் காணவில்லை. கதவுக்கு இலக்கம், பெட்டிக்குள் சாவி, அவ்வளவுதான். புறப்படும்போது விடைசொல்ல ஆளில்லாமல் ஜுமானாவுக்கு நாக்கு அரித்தது. கிராகோவில் கடைசிக் காலை, சூட்கேசை இழுத்துக்கொண்டு மங்கிய படிக்கட்டில் இறங்கும்போது, வளைவில் கைப்பிடிக் கம்பியோடு சாய்ந்தபடி ஒரு கிழவி இருந்தாள். மண்ணிறக் கோட்டு. தலை குனிந்திருந்தது. காலடியில் ஈரம். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஜுமானா தமிழிலேயே சிரித்துச் சொன்னாள்: "போயிட்டு வாறன், என்ன? எங்கட ஊருக்கு வந்தா வீட்டுக்கும் வாங்க."

பின்னால் வந்த ஜெயரூபி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜுமானா இப்போது அறைக்குள் போய் அவளுக்கு அழைத்தாள். "அடியேய், கிராகோவ் படியில ஒரு மனுசி இருந்தாவே, ஞாபகமா?"

"எந்த மனுசி?"

"மண்ணிறக் கோட்டுப் போட்டு. நான் கதைச்சனே, நீ சிரிச்சாய்."

"கம்பியில கொழுவியிருந்த கோட்டைச் சொல்றியா? நீ கோட்டோட பகிடி விடுறாய் எண்டுதானே சிரிச்சனான்." ஜெயரூபியின் குரல் இறங்கியது. "அதுக்குள்ள ஆரும் இல்லயடி, ஜுமானா."

பயம் வந்தது. பிறகு, பயந்துவிட்டோமே என்று கோபம் வந்தது, அதுதான் அவளுடைய குணம். அவளை விமானத்துக்கு ஏற்றிப்போகும் கொழும்பு வான் இன்று மாலையே வரும். கூடப்பிறந்த காக்கா கட்டாரில். உம்மாவின் தங்கை சாச்சி கிண்ணியாவிலிருந்து இரவுப் படுக்கைக்கு மட்டும் வருவார். பகல் முழுக்க, கண் தெரியாத உம்மா தனியாக அந்தக் கோட்டுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து, ஒவ்வொரு நாளும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லிச் சொல்லியே அதைத் திரும்பக் கூப்பிடுவார்.

உம்மாவிடம் சொல்லவும் ஏலாது. அழக் கூடாது, பதறக் கூடாது என்று டொக்டர் எச்சரித்திருந்தார்.

"கூட்டி வந்தது நான்," என்று அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "துரத்துறதும் நான்தான்."

பிற்பகல் அசர் தொழுததும் உம்மாவின் கண்ணுக்கு மருந்து விட்டுப் படுக்கவைத்தாள். எழும்பக் கூடாது என்று கண்டித்தாள். சூட்கேசைக் கொண்டுவந்து வாசலோரம் வைத்தாள். வெறுங்கதிரைக்கு எதிரே இன்னொரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

கேற்றடியில், ஊர்த் தெருக்களில் திரியும் மூன்று மான்கள் யாரோ போட்ட வத்தகைப் பழத் தோலைச் சப்பிக்கொண்டு நின்றன. அந்த மான்கள் நாய்க்கும் பயப்படாதவை, பஸ்ஸுக்கும் வழிவிடாதவை. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதியது. அது ஓய்ந்தபோது மான்கள் சப்புவதை நிறுத்தியிருந்தன. மூன்று தலைகளும் ஒழுங்கை முனையைப் பார்த்தன.

பிறகு ஓடின.

காகம் இல்லை. காற்று இல்லை. கேற் கொழுக்கி தூக்கப்பட்டு விழும் சத்தம்.

முற்றத்தில் சப்பாத்து. தண்ணீர் நிறைந்த சப்பாத்து. சதக். சதக். விறாந்தையில். நிலைப்படியில். கம்பளி வாடை மூக்கை அடைத்தது. ஜுமானாவின் வாய் ஆவி விட்டது, அந்த வெக்கையில்.

கதிரை முனகியது.

கோட்டு உட்கார்ந்திருந்தது. கைகளைக் கதிரைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, நாகரிகமாக. கழுத்துப் பட்டிக்கு மேலே ஒன்றுமில்லை. உள்ளே இருட்டு. படிக்கட்டு இருட்டு. கைமுனையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவள் காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை முணுமுணுத்து முடித்தாள். நெஞ்சு நிலைக்கு வந்தது. ஆனால் கோட்டு அசையவில்லை; இது அவளே வாய்திறந்து அழைத்த விருந்து. அழைத்தவள்தான் அனுப்ப வேண்டும்.

"போ..."

நாக்கு தானாகவே '...யிட்டு' என்று வளைந்தது. பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு. கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது.

"போ," என்றாள். "கூப்பிட்ட வாயாலயே சொல்றன். இது என்ட உம்மாட வீடு. இனி வராத. போ!"

தண்ணீர் சொட்டுவது நின்றது.

கோட்டு எழும்பியது. கழுத்துப் பட்டி அவளை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்தது. எதையோ மனப்பாடம் செய்வது போல நின்றது. அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுக்கவே மாட்டேன் என்று இருந்தாள். அது திரும்பியது. நிலைப்படி. விறாந்தை. முற்றம். சதக், சதக், தூரமாக. வெக்கை மெல்லத் திரும்பி வந்து அவள் முதுகில் படர்ந்தது. இத்தனை அருமையான வெக்கையை அவள் அனுபவித்ததே இல்லை. கேற் சாத்தும் சத்தம் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வென்றுவிட்டாள்.

பின்னால் சுவரைத் தடவும் சத்தம்.

உம்மா அறை வாசலில் நின்றார். கறுப்புக் கண்ணாடி கேற் பக்கம் திரும்பியிருந்தது. முகத்தில், விருந்தாளியைக் கவனிக்காமல் விட்ட வெட்கம்.

"போறீங்களா? இண்டைக்கும் ஒண்டும் குடிக்கல்லயே," என்று குரலை உயர்த்தினார். "போயிட்டு வாங்க, என்ன?"

"உம்மா!"

வெளியே காலடி நின்றது.

பிறகு கேற்றுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. இத்தனை நாளும் ஒரு கதையும் பேசாதது, ஜுமானாவின் குரலில், படிக்கட்டில் சிரித்த அதே சிரிப்போடு சொன்னது:

"வாறன், உம்மா."

"ஜுமானாவா?" ஸுல்பிகாவின் முகம் மலர்ந்தது. "நீ எப்ப மகள் வெளிய போனாய்? உள்ளுக்கு வா."

"நான் இஞ்ச நிக்கிறன், உம்மா! அறைக்குள்ள போங்க!"

உம்மா இரண்டு குரலுக்கும் நடுவே தலையை அங்கும் இங்கும் திருப்பினார்.

ஒழுங்கை முனையில் கொழும்பு வான் ஹோர்ன் அடித்தது. ஜுமானா திரும்பிப் பார்க்கவில்லை. சூட்கேசை நிலைப்படியில் குறுக்கே தள்ளினாள். கதவு நிலையின் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றிக்கொண்டாள்.

"வா," என்றாள் பல்லைக் கடித்து. "வந்து பார்."

கேற் உட்பக்கமாகத் திறந்தது.

கழுத்துப் பட்டிக்கு மேலே இப்போது முகம் இருந்தது. காலையில் கண்ணாடியில் அவள் பார்த்த முகம். உதட்டோரத்தில் நாக்கைக் கடித்த இரத்தம்கூட இருந்தது.

சதக்.

அவளுடைய கைகள் நிலையை விடவில்லை. பின்னால், உம்மா குசினியில் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கும் சத்தம் கேட்டது.