கூடத்தில் புது இருக்கைகள்

பாலித்தீன் உறைகூடப் பிரிக்காத புது சோபாவில், யாரோ உட்கார்ந்து எழுந்துபோனது போல ஒரு பள்ளம் இருந்தது. வீரலட்சுமி குனிந்து அதன் பக்கத்தில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். கையை எடுத்ததும் ஸ்பாஞ்சு மேலே வந்தது. பள்ளம் மட்டும் வரவில்லை.

"யாருண்ணே இதுல உக்காந்தது?"

ஜன்னலில் திரைச்சீலைக் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்த தச்சர் பெரியகருப்பன் திரும்பிப் பார்த்தார். "நம்மாளுக யாரும் உக்காரலம்மா. காலையில நான்தான் பூட்டத் தொறந்தேன்."

போடியிலிருந்து மலை உச்சி மெட்டுக்கு ஏறும் பாதையில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே நின்ற அந்த ஓட்டல், ஒரு காலத்தில் தோட்டத் துரைமார் கூடிக் குடிப்பதற்காகக் கட்டியது. எண்பத்திமூன்றில் அதை வாங்கிய ஏலக்காய் வியாபாரி காசிராஜன், "பழைய வாடையே இருக்கப்படாதும்மா" என்று சொல்லி வீரலட்சுமியிடம் ஒப்படைத்தார். மதுரையில் உள்ளலங்காரக் கம்பெனி ஒன்றில் ஐந்து வருஷம் அவள் வரைந்த வரைபடங்களிலெல்லாம் கம்பெனி முதலாளிதான் கையெழுத்துப் போட்டார். அவள் பெயரில் வரப்போகும் முதல் வேலை இது. கூடத்தில் வரிசையாகக் கிடந்த தேக்கு நாற்காலிகளை லாரியில் ஏற்றி அனுப்பினாள். மரத்தரை தெரியாமல் சுவருக்குச் சுவர் பழுப்புக் கம்பளம் விரித்தாள். ஆரஞ்சு நிற ரெக்சின் சோபாக்களையும் ஒற்றை இருக்கைகளையும் அரைவட்டமாகப் போட்டாள். மறுநாள் காலை திறப்பு விழா.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது பள்ளம் நான்காகியிருந்தது.

ஸ்பாஞ்சு மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசலில் ராக்கு விளக்குமாற்றோடு நின்றாள். இருபது வருஷமாக அந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். கூடத்தின் நிலைப்படி வரை கூட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வந்து கூட்டுங்கக்கா. கம்பளத்துல பஞ்சாக் கெடக்கு."

"கூட்டுறேன் தாயி. அவுக எந்திரிக்கட்டும்."

"யாரு?"

ராக்கு விளக்குமாற்று நுனியால் சோபாக்களைக் காட்டினாள். "மரநாக்காலில இருந்த வரைக்கும் நமக்குத் தெரியல. நீ மெத்தை போட்ட. தெரியுது." பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வெரசா கெளம்பு. மஞ்சு ஏறுது."

மூன்று மணிக்கு ஜீப்பு வந்தது. பெரியகருப்பனும் ஆட்களும் சாமான்களோடு நெருக்கி ஏறினார்கள். ராக்குவும் ஏறிக்கொண்டாள்.

"நீங்களும் வந்துருங்கம்மா," என்றார் பெரியகருப்பன். "காலையில பாத்துக்கிருவோம்."

"உறையெல்லாம் பிரிக்கணும்ணே. அடுத்த நடைக்கு ஜீப்ப அனுப்புங்க, வர்றேன்."

இந்தப் பள்ளங்களோடு கூடத்தைக் காசிராஜனுக்குக் காட்ட அவளால் முடியாது. அதுதான் அவளை நிறுத்தியது.

ஜீப்பின் சத்தம் வளைவுகளில் தேய்ந்து மறைந்ததும், பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளைப் பனிமூட்டமாக ஏறிவந்த மஞ்சு ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிக்கொண்டது. கீழே எங்கோ தோட்டத்து உலர்த்துகொட்டகையான ஸ்டோரில் பச்சை ஏலக்காயை வாட்டும் புகைமணம் கதவிடுக்கு வழியே நுழைந்து, புது ரெக்சின் வாடையோடும் கம்பளத்துப் பசை நாற்றத்தோடும் கலந்து அவள் தொண்டையில் கசந்தது. அவள் ஒவ்வொரு உறையாகக் கிழித்தாள். கிழித்த உறையைச் சுருட்டினாள். குஷனைத் தட்டித் தட்டி உயர்த்தினாள். அடுத்ததற்குப் போனாள். கைக்கு வேலை இருந்தால் போதும் போலிருந்தது.

பின்னால் பாலித்தீன் சரசரத்தது.

அவள் கை நின்றது. அந்தச் சத்தமும் நின்றது. காற்றாக இருக்கும் என்று ஜன்னல்களைப் பார்த்தாள். எல்லாம் சாத்தியிருந்தன. திரும்பியபோது, அவள் தட்டி உயர்த்திய முதல் சோபா மெதுவாக, மிக மெதுவாக அமிழ்ந்துகொண்டிருந்தது. முதுகு சாயும் இடம் ஒரு தோளின் அகலத்துக்கு உள்வாங்கியது. ரெக்சின் முனகியது. அடுத்த இருக்கை. அதற்கடுத்தது. அரைவட்டம் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்ந்தது, கூட்டத்துக்கு வந்தவர்கள் இடம் பார்த்து உட்காருவது போல.

நடுவில் அவள் நின்றாள்.

கதவு இருபதடி தூரம். இப்போதே ஓடிவிடலாம் என்று நினைத்தாள். கண்ணை மட்டும் கதவின் பக்கம் திருப்பினாள்.

அப்போது எல்லாப் பள்ளங்களும் ஒரே நேரத்தில் நிரம்பின. ஸ்பாஞ்சு நீளமாக மூச்சு விட்டது.

எழுந்துவிட்டார்கள்.

கம்பளத்தின் மயிர் படிந்தது. ஒரு பாதம். இன்னொரு பாதம். சோபாக்களின் முன்னாலெல்லாம் ஜோடி ஜோடியாக. குதிகால் அழுந்தி, விரல்கள் அழுந்தி, அவளை நோக்கி. அவசரமில்லாமல். கதவுப் பக்கமும் பாதங்கள் இருந்தன.

கீழே வளைவில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. டிரைவர் அங்கிருந்தே கத்திக் கூப்பிட்டான். "அம்மா, வாங்க, போவோம்."

வாயைத் திறந்தாள். எதிரே கம்பளம் இன்னும் ஓரடி அழுந்தியது.

பாதங்கள் அவளைச் சுற்றி நின்றன. மிக அருகில். மூச்சு இல்லை. சூடு இல்லை. சத்தமும் இல்லை.

மறுபடியும் ஹாரன்.

அவள் இடது முழங்கையில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். தோலில் ஒரு சிறு குழி விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. நாலாவது. உள்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்று. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து குழிகளும் சதைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தன.