சயந்தனுக்கு வைத்த தண்ணீர்

மத்தியானம் நிரப்பி வைத்த செம்பு மறுபடியும் காய்ந்து கிடந்தது.

உதயகலா குனிந்து உள்ளே பார்த்தாள். அடியில் ஈரம்கூட இல்லை. தம்பி சயந்தனின் உடலைக் கிடத்தியிருந்த மூலையில், அவன் படத்துக்கு முன்னால், குத்துவிளக்கும் இந்தச் செம்புத் தண்ணீரும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை இருக்கவேண்டும். முதலில் பூனை குடித்திருக்கும் என்று நினைத்துத் தட்டால் மூடினாள். தட்டு மூடியபடியே இருக்க, தண்ணீர் போனது. பிறகு முற்றத்து வாளி வற்றியது. இன்று காலை செம்பரத்தம்பூ வைத்திருந்த கிளாசும் வற்றியது. வெயில் ஏறி, வீட்டு முன் ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் ஓய்ந்துபோகிற நேரத்தில், கிணற்றடிப் பக்கமிருந்து ஈரச் சாக்கின் வாடையும், யாரோ மடக்கு மடக்கென்று விழுங்குகிற சத்தமும், இடையிடையே புரையேறி இருமுகிற சத்தமும் வந்து, அவள் யன்னலடிக்குப் போனதும் நின்றுவிடும். அந்த இருமல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் தம்பியின் உச்சந்தலையில் தட்டி, மெல்லக் குடியடா என்று சொன்னவளே அவள்தான்.

"பிள்ளை, தம்பிக்குத் தண்ணி வைச்சனியே?" பாயில் கிடந்த அம்மா மகாதேவி கேட்டாள். உதடு வெடித்திருந்தது. குடிக்கிற தண்ணீர் எதுவும் அவள் உடம்பில் ஒட்டவில்லை. அந்த வீட்டில் எதையும் அவன் மிச்சம் வைக்கவில்லை.

"வைச்சனான் அம்மா."

தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஒன்று களவு போனதென்று சயந்தனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. விடிய, பிணமாகத் தந்தார்கள். பிறகு பார்த்தால், மோட்டரை உடைமைக்காரரின் மருமகன்தான் திருத்தக் கொண்டுபோயிருந்தான். சயந்தன் நிலையத்தில் அடைத்துவைக்கிற கம்பிக் கூட்டுக்குள் மயங்கி விழுந்தானாம். மயங்கி விழுந்தவனின் நெஞ்சுக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது? மணிக்கட்டில் கயிற்றுக் காயம் எப்படி வந்தது? விசாரணையில், அன்று நிலையத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஒன்றும் கேட்கவில்லையாம். பக்கத்துக் கூட்டில் கிடந்த பரமலிங்கம் அண்ணை மட்டும் வெளியே வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவளிடம் சொன்னார்.

"தண்ணி கேட்டவன், பிள்ளை. குடுத்தாங்கள். முகத்திலை சாக்கைப் போட்டுக் குடுத்தாங்கள். கோட்டிலை என்னைச் சொல்லச் சொல்லாதை. எனக்கும் பிள்ளையள் இருக்கு."

அந்தச் சாக்கின்மேல் தண்ணீர் ஊற்றிய பொலிஸ் சார்ஜனுக்குக் கிடைத்த தண்டனை இடமாற்றம். திங்கட்கிழமை போகிறான். கொன்றவன் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறான். செத்தவன் வந்து தாயின் உடம்புத் தண்ணீரைக் குடிக்கிறான். பேய்க்குக்கூடப் பொலிசென்றால் பயமா?

"ஏனடா எங்களிட்டை வாறாய்?" காலியான செம்பைப் பார்த்துக் கேட்டாள். "உனக்கு அங்கை போக வழி தெரியாதே?"

கிணற்றடியில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த இருமல் நின்றது.

அன்றைக்கு எட்டுச் செலவு, செத்த எட்டாம் நாள் படையல். செத்தவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து, பொழுதுபடுகிற செக்கல் நேரத்தில் ஒரு பங்கைப் பனையோலைப் பெட்டியில் கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். ஆம்பிளைகள் செய்கிற வேலை. ஆனால் சந்தியில்தான் பொலிஸ் நிலையம் இருக்கிறது. ஒருவரும் வரவில்லை. உதயகலாவே றால் பொரியலும் சோறும் பெட்டியில் போட்டாள். பிறகு செம்பை நிரப்பிக் கையில் எடுத்தாள்.

அம்மா பதறி எழும்பினாள். "செம்பை எடுக்கக்கூடாது! அவன் பின்னாலை வந்திடுவான்!"

"வரட்டும்."

ஒழுங்கையில் விளக்குகள் இன்னும் எரியவில்லை. வீட்டு வாசல் படலைகள் சாத்தியிருந்தன. அவளுடைய செருப்புச் சத்தத்துக்குப் பின்னால், மழையே இல்லாத அந்தத் தார் ரோட்டில், ஈரக் கால்கள் சளக் சளக்கென்று வந்தன. அவள் நடந்தால் வந்தன. நின்றால் நின்றன. பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது. சாக்கு வாடை. திரும்பவில்லை.

சந்தியில் பெட்டியை வைத்தாள். செம்போடு நிலையத்துக்குள் நுழைந்தாள்.

வாசலில் காவல் நின்றவன் கிறிஸ்ரோபர் என்ற தமிழ்ப் பொடியன். ஃபோனில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்டைக்கும் நீர்தானே தம்பி வாசல்லை நிண்டது?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அக்கா. நான் படம் பாத்துக்கொண்டு நிண்டனான்."

உள்ளே சார்ஜன் தனியே இருந்தான். மேசையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன இது?"

"தண்ணி."

"எனக்கா?"

"ஓம். தம்பி தரச் சொன்னவன்."

அவன் சிரித்தான். "பைத்தியம். போ, போ."

செம்பை மேசையில் வைத்தாள். திரும்பி நடந்தாள். அவளோடு வந்த ஈரக் கால்கள் அவளோடு திரும்பவில்லை.

கதிரை இழுபட்டது.

ஒரு சொல், பாதியில் நின்றது.

மடக். மடக். மடக்.

புரையேறியது. இந்த முறை இருமியவன் சயந்தன் இல்லை.

வழக்கப்படி அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மதிலோரம் நின்ற மோட்டச்சைக்கிளின் கண்ணாடிதான் காட்டியது. சார்ஜனின் தலை கதிரைக்குப் பின்னால் மடிந்து கிடந்தது. முகத்தில் ஈரச் சாக்கு. அதன்மேல் செம்பைச் சரித்துப் பிடித்திருந்தன, மணிக்கட்டில் கயிற்றுக் காயமுள்ள இரண்டு கைகள். மேசை நிறைந்து, தரை நிறைந்து, தண்ணீர் படியிறங்கி வாசலுக்கு வந்தது. செம்பு வற்றவில்லை.

தண்ணீர் கிறிஸ்ரோபரின் சப்பாத்தை நனைத்தது. உள்ளே கதிரையின் கால்கள் தரையில் அடித்துக்கொண்டன.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஃபோனின் சத்தத்தைக் கூட்டினான்.